வெள்ளைத் தரை வழக்கு

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. உங்கள் கையில் இருக்கும் உத்தரவில் அது இருக்காது. வெள்ளைத் தரையைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதிக்க வேண்டும், வாசலில் இருக்கும் அறிவிப்பை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் இருக்கும். அந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தவள் நான். அந்த அறிவிப்பை எழுதியவளும் நான். இரண்டையும் ஒரே காலையில் இழந்தேன். இழக்க வைத்தவள் தமிழ்த்துறையில் ஆய்வு செய்யும் தங்கபுஷ்பம். அப்படி என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

பொய் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அங்கேயே நிற்க வைத்து நார் நாராகக் கிழித்திருப்பேன். அவள் உண்மையைச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ பேச்சுப் போட்டிக்குப் போயிருக்கிறேன், உண்மையைச் சொல்கிறவர்களை எதிர்த்துப் பேச யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தரையைப் பெயர்க்க வந்த உங்கள் ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். வந்து மிஷினைப் போடும்வரை நேரம் இருக்கிறது. நீங்களும் அளவெடுத்து முடித்துவிட்டீர்கள். உட்காருங்கள். அந்த ஆரஞ்சு மெத்தையில் வேண்டாம், அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கை கொடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இந்த நாற்காலியில் உட்காருங்கள். உருளும், பார்த்து.

என் பெயர் மதுரவாணி. மனையியல் துறை, உள்ளக வடிவமைப்பு, இறுதி ஆண்டு. மனையியல் என்றதும் உங்கள் முகத்தில் ஒன்று வந்து போயிற்று, கவனித்தேன். பரவாயில்லை, எல்லோருக்கும் வரும். பொறியியல் பையன்கள் எங்கள் துறையை 'வடை டிபார்ட்மென்ட்' என்பார்கள். ஒரு நாற்காலி எத்தனை உயரம் இருந்தால் முதுகு வலிக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், ஒருவன் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து "இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்பான். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த வாய் வந்தது. விடுதியில் எனக்கு 'வக்கீல்' என்று பெயர். கேலிக்காக வைத்தது. நான் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

இந்த அறை வந்த கதையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் புத்தாக்க மையம் என்று ஒன்று அனுமதியானது. மாணவர்கள் கூடி உட்கார்ந்து புதிது புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஓர் அறை. இயக்குநராக ஞானதிரவியம் சாரைப் போட்டார்கள். பொறியியல் பேராசிரியர், தங்கமான மனிதர், ஆனால் அறை என்றால் அவருக்கு வரிசைதான். வரிசையாக மேசை, மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், முன்னால் மேடை, மேடையில் மைக். வரைபடத்தை மாணவர் கூட்டத்தில் காட்டிவிட்டு யாருக்காவது கருத்து உண்டா என்று கேட்டார். கருத்து உண்டா என்று என் முன்னால் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாதிரி இருக்கிறது சார் என்றேன். அவர் சிரித்தார். புதிதாக யோசிப்பது மூளையின் வேலை, நாற்காலிக்கு அதில் என்ன வேலை என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். வடிவமைப்புதான் சார் எல்லாம் என்றேன். முன்னால் இருப்பவனின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன புதிதாகத் தோன்றும்? வேதியியல்காரன் வேதியியல்காரனோடு பேசினால் வேதியியல்தான் வரும். தாவரவியல்காரியும் கணக்குக்காரனும் தற்செயலாக முட்டிக்கொள்ள வேண்டும். முட்டிக்கொள்ளும்படி அறையைக் கட்டுவதுதான் எங்கள் வேலை. இதற்கு 'மோதல் கோட்பாடு' என்று நானே பெயரும் வைத்திருந்தேன். பேசிக்கொண்டே போனேன். டீ ஆறிவிட்டது. மணியும் ஆகிவிட்டது. கடைசியில் அவர் வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "நீயே போடும்மா. எனக்கு அடுத்த கூட்டம் இருக்கு" என்றார்.

என் வாதத்தில் அவர் தோற்றார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அவருக்குப் பசித்தது என்று என் தோழிகள் சொல்கிறார்கள்.

போட்டேன் அக்கா. வட்ட மேசை போட்டேன். யாரும் யாரோடும் சேர்ந்துகொள்ளலாம் என்று உருளும் நாற்காலி போட்டேன். தோன்றியதையெல்லாம் எழுதுவதற்கு அந்தச் சுவர் முழுவதும் எழுதி அழிக்கும் பலகை. நடுவில் பாருங்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் உரசாமல் போக முடியாத ஒரு குறுகிய வழி. அதுதான் கோட்பாட்டின் இதயம். எல்லாவற்றுக்கும் மேலாக இந்தத் தரை. பனி மாதிரி வெள்ளை. கோவில்பட்டிக்காரி எங்கே பனியைப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள். வெள்ளைத் தாளைப் பார்த்தால் எழுதத் தோன்றுகிறதல்லவா, வெள்ளைத் தரையைப் பார்த்தால் யோசிக்கத் தோன்றும் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். அதைத் தட்டச்சு செய்தபோது எனக்கே கண் கலங்கியது.

திறப்பு விழா முடிந்த மாலையில் வந்து பார்த்தால் தரை முழுக்கச் செம்மண். நம் ஊர் மண்தான் உங்களுக்குத் தெரியுமே. வெள்ளைத் தரையில் செருப்புத் தடம் ஒவ்வொன்றும் காவல் நிலையத்தில் எடுத்த கைரேகை மாதிரி தெரிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து அறிவிப்பை எழுதினேன். 'காலணிகளை வாசலில் விட்டு வரவும்.' எழுத்து ஒவ்வொன்றையும் கையால் வரைந்தேன், வளைவுகளில் லேசாகக் கொடி ஓடும். ஓரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, தூங்குவது போல. கூட்டிப் பெருக்கும் லட்சுமி அக்காவுக்கு அது பரம திருப்தி. ஞானதிரவியம் சார்தான், "என்னம்மா, கோயிலா இது?" என்றார். கோயிலில் ஏற்கெனவே இருப்பதைக் கும்பிடுகிறோம், இங்கே இல்லாததை உண்டாக்கப் போகிறோம், இதற்குத்தான் சார் மரியாதை கூட என்றேன். அவர் ஷூவைக் கழற்றினார். அவருடைய சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதன் பிறகு அவர் இந்த அறைக்கு அதிகம் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சரி, உள்ளே என்ன நடந்தது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. உருளும் நாற்காலியில் பையன்கள் ரேஸ் விட்டார்கள். எழுதும் சுவரில் முதல் வாரம் யாரோ ஒருவர் 'கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை' என்று எழுதினார். அதன் கீழே இன்னொருவர் 'சாம்பாரே இல்லை' என்று எழுதினார். இரண்டு துறை சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். குறுகிய வழியில் யாராவது முட்டிக்கொள்வார்களா என்று நான் மூலையில் உட்கார்ந்து கவனிப்பேன். நம் பிள்ளைகள் எவ்வளவு மரியாதைக்காரர்கள் தெரியுமா அக்கா? எதிரே ஒருத்தி வருவதைப் பார்த்தால் பையன் அந்தக் கோடியிலேயே நின்றுவிடுவான். அவள் வந்து முடித்த பிறகுதான் அடியெடுத்து வைப்பான். மோதலை உண்டாக்கக் கட்டிய வழியில் போக்குவரத்து போலீஸ் இல்லாத குறைதான். மற்றபடி ஏ.சி.க்காக வருவார்கள், செல்போனுக்குச் சார்ஜ் போடுவார்கள், ஆரஞ்சு மெத்தையில் தூங்குவார்கள்.

ஆனால் வாசலில் எப்போதும் கூட்டம்.

அதுதான் என் வயிற்றெரிச்சல். வாசலில் மூன்று படி இருக்கிறதே, பார்த்தீர்கள். உள்ளே வருகிறவன் அங்கே செருப்பைக் கழற்றுவான். வெளியே போகிறவன் அங்கே உட்கார்ந்து தேடுவான். பாதிப் பேருக்கு ஒரே நிற ரப்பர் செருப்பு. ஒருவன் செருப்பை இன்னொருவன் மாட்டிக்கொண்டு போவான், மறுநாள் திருப்பிக் கொண்டுவருவான், அந்தச் சாக்கில் நீ எந்தத் துறை, நான் எந்தத் துறை என்று பேச்சு. ஷூக்காரர்கள் கயிறு கட்டும்வரை பேசுவார்கள். கட்டி முடித்த பிறகும் பேசுவார்கள். உள்ளே நான் ஏ.சி. போட்டு வைத்திருக்கிறேன், இவர்கள் வெயிலில் உட்கார்ந்து செருப்பு நாற்றத்தில் அரட்டை அடிக்கிறார்கள்.

அந்தப் படிக்கட்டுக் கூட்டத்துக்குத் தலைவி தங்கபுஷ்பம். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் கொஞ்சம் குட்டை. வலது செருப்பின் அடியில் ரப்பரை அடுக்கி உயர்த்தி வைத்திருப்பாள், அதோடு நடந்தால் வித்தியாசமே தெரியாது. படியின் ஓரத்தில் தூணில் சாய்ந்து, மடியில் ஏதாவது ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். போகிறவன் வருகிறவன் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்பாள். பேச்சில் என்னை மிஞ்சுவாள் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அவளை உள்ளே வா, உள்ளே வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ஒருநாளும் வரவில்லை. "இங்கன நல்லா காத்து வருதுட்டி" என்பாள். ஏ.சி. இருக்கிறதே என்றால், "அது உனக்கு வருத காத்து. எனக்கு இது போதும்" என்பாள். எனக்கு அது திமிராகப் பட்டது. தமிழ்த்துறைக்காரர்களுக்குப் புதிதாக எது வந்தாலும் ஒரு இளக்காரம் உண்டு என்று விடுதியில் அரை மணி நேரம் பேசினேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் கைதட்டினார்கள் என்றும் சொல்லலாம்.

கூட்டத்தைக் கலைக்க ஒரு வடிவமைப்புத் தீர்வு கண்டுபிடித்தேன். படியின் இரண்டு ஓரத்திலும் பெரிய பூந்தொட்டிகளை வைத்தேன். அழகுக்கு அழகு, உட்கார இடமும் இருக்காது. மறுநாள் போய்ப் பார்த்தால் தொட்டிகள் இடம் மாறியிருந்தன. ஒன்றைத் தூணுக்கு எதிரே நகர்த்தி வைத்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புஷ்பம் எழுந்தாள். "நல்ல உயரமா பாத்து வாங்கியிருக்க வக்கீலம்மா. எழுந்திரிக்கத் தோதா இருக்கு" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இப்படி இருக்கும்போது ஞானதிரவியம் சார் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறதாம். அறை திறந்ததிலிருந்து இங்கே என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்களாம். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அறையைத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் விடைத்தாள் கட்டுகளை அடுக்க இடம் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றார். "உன் மெத்தையில பண்டல் போட்டு வைக்க வசதியா இருக்கும்னு இப்பவே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

விளையாட்டு இல்லை அக்கா. அறை போனால் அறை மட்டுமா போகும்? வடை டிபார்ட்மென்டிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். எங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளிடம் ஒரு ஜன்னல் திரையைக்கூட நம்பித் தரமாட்டார்கள். வடிவமைப்பால் புதியது பிறக்கும் என்று மைக் பிடித்துச் சொன்னவள் நான். பிறக்கவில்லை என்றால் நான் பேசியது வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்காரி என்ற பெயருக்குத்தான் நான் வாழ்நாள் முழுவதும் பயந்தேன்.

துறை துறையாக ஓடினேன். ஏதாவது கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்களா, இங்கே வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாமா என்று கேட்டேன். ஒருவன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பாட்டுப் பாடும் பெட்டி ஒன்றைக் காட்டினான். தொட்டி நிரம்பவே இல்லை, பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்து என் வாசல் படியில், வேறு இடம் கிடைக்காமல், உட்கார்ந்தேன்.

பக்கத்தில் புஷ்பம், வேதியியல் படிக்கும் நாகூர் மீரான், உடற்கல்வி படிக்கும் சுடலைமுத்து மூன்று பேரும் எதையோ பிரித்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து வாலிபால் ஆடுகிறவன். கணுக்கால் பிசகாமல் இருக்க ஆட்டக்காரர்கள் ஒரு இறுக்கமான துணியுறை போடுவார்களே, அதில் ஒன்று. மீரான் கையில் வெள்ளையாக நுரைப் பஞ்சு. அவனுடைய ஆய்வகத்துக்கு வந்த கருவியின் பெட்டிக்குள் அடிபடாமல் இருக்க வைத்திருந்ததாம், மிதித்தால் அமுங்காது, எடையும் இல்லை. அதைப் பாதம் அளவுக்குச் செதுக்கித் துணியுறையின் அடியில் வைத்து, புஷ்பம் ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் சாக்ஸ். உள்ளே உயரம் இருக்கிறது.

இது என்ன என்று கேட்டேன். புஷ்பம் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "செருப்பு கழட்டுத இடத்துக்குள்ள போறதுக்கு" என்றாள்.

எனக்குள் மின்சாரம் பாய்ந்தது. நினைத்துப் பாருங்கள். கால் உயரத்தில் வித்தியாசம் இருக்கிறவர்களுக்கு உயரச் செருப்பு கடையில் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் எங்கே போனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயில், மசூதி, கல்யாண வீடு, சொந்த வீட்டு அடுப்படி. அங்கெல்லாம் அவர்கள் தாங்கித் தாங்கித்தானே நடக்க வேண்டும்? இது செருப்பும் இல்லை, வெறும் காலும் இல்லை. துவைத்துக் காயப்போடலாம். ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு இது தோன்றவே தோன்றாது, அவன் ஷூவோடு படுக்கிறவன். இதை எல்லாம் நான் அங்கேயே நின்று ஒரு சொற்பொழிவாகச் சொன்னேன். சுடலைமுத்து வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "நாம இவ்வளவு பெரிய வேலையா செஞ்சோம்க்கா?" என்று புஷ்பத்திடம் கேட்டான்.

மூன்று பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று விசாரித்தேன். செருப்பு மாறியதில் மீரானும் சுடலைமுத்துவும் சண்டை போட்டிருக்கிறார்கள், புஷ்பம் விலக்கியிருக்கிறாள். மூன்று துறை, தற்செயல், மோதல். என் கோட்பாடு அக்கா, அட்சரம் பிசகாமல் என் கோட்பாடு. வாசலும் அறையைச் சேர்ந்ததுதானே? அறிவிப்பு இல்லாவிட்டால் செருப்புக் குவியல் ஏது, குவியல் இல்லாவிட்டால் சண்டை ஏது? ஆகவே இது என் அறையின் கண்டுபிடிப்பு. இந்த வாதத்தில் எங்காவது ஓட்டை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

குழுவின் முன்னால் இதை வைக்கலாமா என்று கேட்டேன். பையன்கள் சரி என்றார்கள். புஷ்பம் மட்டும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வைய்யி. ஆனா என்கிட்ட அவுக எதும் கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்." உள்ளதைத்தானே நானும் சொல்லச் சொல்கிறேன் என்றேன். "அப்ப சரி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பதாகை எழுதினேன். 'இந்த அறையின் வடிவமைப்பே இந்தப் புத்தாக்கத்துக்குக் காரணம்.' அதே கொடி ஓடும் எழுத்து. கீழே கோயில் கோபுரம், வீடு, கல்யாணப் பந்தல் மூன்றையும் படமாக வரைந்து, எங்கெல்லாம் பயன்படும் என்று காட்டினேன். புஷ்பம் வந்து படியிலிருந்தே கண்ணாடி வழியாக அதை வாசித்துவிட்டு, ஒரு படம் விட்டுப்போச்சே என்றாள். மசூதியா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தூணோரம் போய் உட்கார்ந்தாள். மீரான் சங்கடப்படப் போகிறானே என்று மசூதியையும் வரைந்து சேர்த்தேன்.

குழு வந்தது. தலைவி ஓர் அம்மாள், நரைத்த தலை, காட்டன் சேலை, அதிகம் பேசாதவர். கூட இரண்டு பேர். வாசலில் அறிவிப்பைப் பார்த்ததும் மூவரும் குனிந்து கழற்றினார்கள். தலைவி வழவழப்பில் லேசாகச் சறுக்கி ஞானதிரவியம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். சார் என்னைப் பார்த்தார். நான் பதாகையைப் பார்த்தேன்.

அப்புறம் புஷ்பம் வந்தாள். செருப்பைத் தூணோரம் விட்டுவிட்டு, துணியுறையை மாட்டிக்கொண்டு, தொட்டியைப் பிடித்து எழுந்து, வாசலைத் தாண்டி இந்த வெள்ளைத் தரையில் நடந்து வந்தாள். நிமிர்ந்து, எதையும் பிடிக்காமல். படியில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். மீரான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு சாக்ஸ் நன்றாக வேலை செய்ததற்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். எனக்கு வேறு கவலை. உறையின் அடியில் பிடிமானத்துக்கு அவர்கள் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தார்கள், அது தரையில் தடம் போடுமோ என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அந்தக் குறுகிய வழியில் நின்று அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். எழுதும் சுவரைப் பார்த்தாள். சாம்பார் விவகாரம் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. அதை வாசித்துவிட்டு, "இதுக்குத்தானா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

தலைவி துணியுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நல்ல விதமாகத்தான். இதைச் செய்ய வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று புஷ்பத்தைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு மோதல் கோட்பாட்டை விளக்கினேன். கேட்டுக்கொண்டு தலையசைத்தார். மறுபடியும் புஷ்பத்தின் பக்கம் திரும்பி, எந்த இடத்தை மனதில் வைத்துச் செய்தீர்கள் என்றார். நான் பதாகையில் இருந்த கோயிலையும் பந்தலையும் சுட்டிக்காட்டினேன். ஞானதிரவியம் சார் இருமினார். அவர் எதற்கு இருமினார் என்று புரிந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். எனக்கு ஊக்கம் கொடுக்கிறார் என்று நினைத்து, வெள்ளைத் தரையும் சிந்தனையும் என்ற பகுதிக்குப் போய்விட்டேன்.

தலைவி கையை உயர்த்தினார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "நீங்க நல்லா பேசுறீங்கம்மா. கொஞ்ச நேரம் அவங்க பேசட்டும்" என்றார். பிறகு புஷ்பத்திடம், பதாகையைக் காட்டி, இந்த அறையின் வடிவமைப்புதான் காரணம் என்று எழுதியிருக்கிறதே, அது உண்மைதானா என்று கேட்டார்.

நான் புஷ்பத்தைப் பார்த்தேன். ஒரு 'ஆமாம்' போதும் அக்கா. ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் அறையோடு தரையும் பிழைத்திருக்கும், நீங்களும் இந்த மத்தியான வெயிலில் வந்திருக்க வேண்டாம். அவள் பதாகையை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள். கோயில், வீடு, பந்தல், மசூதி. என்னைப் பார்த்து, கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவள் மாதிரி மெல்லத் தலையசைத்தாள். அப்புறம் தலைவியைப் பார்த்துச் சொன்னாள்:

"சத்தியமான வார்த்த மேடம். செருப்ப வெளிய விட்டா என்னால நாலடி நடக்க முடியாது, அதான் இத்தன நாளும் படியிலேயே இருந்தேன். கோயிலுக்குன்னோ கல்யாண வீட்டுக்குன்னோ நாங்க இதச் செய்யல. அங்கெல்லாம் யாராவது கைய குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவாக. இந்த ரூமுக்குள்ள ஒருக்கா வந்து பாத்திரணும்னுதான் செஞ்சோம். என்னால வர முடியாத மாதிரி இவ கட்டி வைக்கலேன்னா, இத நாங்க கண்டுபிடிச்சே இருக்க மாட்டோம்."